பூனை போட்ட கோலம்

‘புரோகிராம்’ என்றால் நம்மில் பலருக்கு ரேடியோவிலும் டி.வி.யிலும் வரும் நிகழ்ச்சிதான் ஞாபகத்துக்கு வரும். கம்ப்யூட்டர் புரோகிராம் என்றால், “அதெல்லாம் படிச்சவங்க சமாசாரம்” என்று ஒதுங்கிக்கொள்வோம். எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை முடித்துக்கொண்டு சேந்தமங்கலத்தில் குடும்பம் நடத்துகிற நான் அதைப் பற்றி எழுத வந்ததற்குக் காரணம் என் மகள்தான்.

பத்தாவது படிக்கிறாள். கம்ப்யூட்டர் படிக்க ஆசை. ஆனால் கணக்கு என்றால் பயம். “எனக்குக் கணக்கு வராதும்மா. ப்ளஸ் ஒன்ல கணக்கு இல்லாத குரூப்பாப் பாத்துச் சேத்து விட்ரு” என்று புலம்புவாள். என் மாமியாரும், “வராததை ஏன் அம்மிணி போட்டு இழுக்கறீங்க? பொட்டப் புள்ளைக்கு அத்தனை கணக்கு எதுக்கு?” என்பார். வயசுப் பெண் ‘வராது, வராது’ என்று சொல்லிச் சொல்லியே தன் ஆசையை மூட்டை கட்டி வைப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

2019-ல் வந்த பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். கடைசியில் 23-வது பாடமாக ‘காட்சித் தொடர்பு’ இருக்கும். அதில் ‘ஸ்கிராட்ச்’ என்று ஒன்று சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் என்பவரின் குழு உருவாக்கி, 2007-ல் வெளியிட்டது. 8 முதல் 16 வயதுப் பிள்ளைகளை மனத்தில் வைத்துச் செய்தது. காசு கிடையாது. மகன் ப்ளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினியில் அதை இறக்கி வைத்திருந்தான். விளக்கு வைத்தபின் தினம் அரை மணி நேரம், மகளும் நானும் அதன் முன் உட்கார்ந்தோம்.

திரையில் ஒரு பூனை நிற்கிறது. அதற்குக் கட்டளைகளை டைப் அடிக்க வேண்டாம். வண்ண வண்ணக் கட்டைகளாகவே இருக்கின்றன. ஒன்றின் கீழ் ஒன்றை இழுத்து வைத்தால் பள்ளமும் மேடும் பொருந்தி ஒட்டிக்கொள்ளும். மஞ்சள் கட்டை ஆரம்பிக்க, நீலக் கட்டை நகர, ஆரஞ்சுக் கட்டை திரும்பத் திரும்பச் செய்ய. பச்சைக் கொடியைத் தட்டினால் பூனை, மேலிருந்து கீழாகச் சொன்னபடி செய்கிறது.

இதில் உள்ள தத்துவம் மூன்றுதான். முதலாவது வரிசை: கடுகு வெடித்தபின் உளுந்து, உளுந்து சிவந்தபின் வெங்காயம். மாற்றிப் போட்டால் தாளிப்பு கெட்டது. இரண்டாவது திரும்பச் செய்வது: இட்லித் தட்டில் குழி தீரும்வரை மாவு ஊற்றுவது. மூன்றாவது நிபந்தனை: பால் பொங்கினால் அடுப்பை அணை, இல்லாவிட்டால் எரியட்டும். இவ்வளவையும் தினம் செய்கிற நமக்குப் புரோகிராம் அந்நியமா, சொல்லுங்கள்!

இடது கீழ் மூலையில் உள்ள பொத்தானை அழுத்தி ‘பேனா’ கட்டைகளைச் சேர்த்துக்கொண்டால், பூனை போகிற வழியெல்லாம் கோடு விழும். 50 அடி நட, 90 டிகிரி திரும்பு, இதை 4 தடவை செய் என்றதும் சதுரம் வந்துவிட்டது. அடுத்தது முக்கோணம். சமபக்க முக்கோணத்தில் ஒவ்வொரு கோணமும் 60 என்று புத்தகத்தில் இருக்கிறதே, அதனால் 60 டிகிரி, 3 தடவை என்று வைத்தாள். கோடு சேரவில்லை. வாய் பிளந்த கூடை மாதிரி நின்றது! “பாத்தியா, எனக்கு வராதுன்னு சொன்னேன்ல?” என்று மூஞ்சியைத் தூக்கிக்கொண்டாள்.

எனக்கு எங்கள் ஊர் மலைப் பாதை நினைவுக்கு வந்தது. இங்கிருந்து கொல்லிமலைக்குப் போக, அடிவாரத்தில் காரவள்ளியைத் தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். “கண்ணு, வளைவுல ரெண்டு ரோடும் எப்படி இருக்கும்?” என்றேன். “கிட்டக் கிட்ட இருக்கும்.” “அப்ப பஸ்ஸு கொஞ்சமாத் திரும்புமா, நிறையவா?” “முழுசாத் திரும்பணும்...” என்றவள், சட்டென்று நிமிர்ந்தாள். “அம்மா! உள்ளே 60 இருக்கணும்னா பூனை வெளியே 120 திரும்பணும்!” மாற்றி வைத்தாள். முக்கோணம் மூடிக்கொண்டது.

அப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. மூன்று 120, நான்கு 90, ஆறு 60 எல்லாமே 360 என்று அவளே நோட்டில் எழுதினாள். பூனை ஒரு சுற்று முழுக்கச் சுற்றி வந்தால் உருவம் மூடும் என்ற கணக்கு, யாரும் சொல்லாமலே பிடிபட்டுவிட்டது. ஓர் அறுகோணம், 60 டிகிரி திருப்பி இன்னோர் அறுகோணம், இப்படி ஆறு என்று வைத்ததும் திரையில் பூ மலர்ந்தது. மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, “அட, நம்ம வாசல்ல போடற கோலமாட்டவே இருக்குதே!” என்றார்.

அவர் சொன்னதில் உண்மை உண்டு. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும், கமலா கிரிதிவாசனும் சேர்ந்து, கோலத்துக்கும் கணினி விதிகளுக்கும் உள்ள உறவைப் பற்றி 1974-லேயே ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். மூவரில் இருவர் பெண்கள்! ஒரு சிறு வடிவத்தை விதிப்படி திரும்பத் திரும்பப் போட்டுப் பெரிதாக்கும் வித்தையைப் பாட்டிமார் வாசலிலேயே பழகியிருக்கிறார்கள்.

இதனால் மார்க் கூடிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். பரீட்சைக்கு வேறு உழைப்பு வேண்டும். ஆனால் கணக்கு நோட்டில் விடை தப்பினால் இப்போது என் மகள், “வராது” என்று மூடி வைப்பதில்லை. “எந்த இடத்துல திரும்பாம விட்டேன்?” என்று தேடுகிறாள். ப்ளஸ் ஒன்னில் கணக்கும் கம்ப்யூட்டரும் உள்ள குரூப்பே வேண்டும் என்றும் சொல்லிவிட்டாள். மாமியாரும் வாயைத் திறக்கவில்லை!

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ‘வராது’ என்கிற பெண் இருந்தால், அரை மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். ஆங்கிலம் தெரிய வேண்டும் என்பதில்லை. பூனை தப்பாகப் போனால், “ஏன் போச்சு?” என்று கேட்டுவிட்டு, அவள் கண்டுபிடிக்கும்வரை பொறுமையாக இருங்கள். கண்ணுக்குக் கெடுதி வராமல் அரை மணியோடு எழுப்பிவிடுவதும் நம் பொறுப்புத்தான்.