கோழிக்கூடும் காவல் நாயும்

‘வேலியே பயிரை மேய்ந்தாற்போல’ என்பது நம் நாட்டுப் பழமொழி. கோழி வளர்க்கும் வீட்டில் நாயும் வளர்ப்பதென்று நாம் தீர்மானித்த நாள் முதல், இந்தப் பழமொழியை நமக்கு ஞாபகப்படுத்தாத நண்பர் ஒருவரேனும் இல்லை. “நாய்க்குப் பசி வந்தால் உமது கோழி எம்மாத்திரம், ஐயா?” என்று கேட்டவர்கள் பலர். அவர்கள் கேட்டது நியாயமே. ஆயினும், ஆறு வருஷ காலமாக இரண்டு பிராணிகளையும் ஒரே புறக்கடையில் வளர்த்துப் பார்த்ததில், இது வெறும் கோழி சமாசாரமல்லவென்று நமக்குத் தோன்றுகிறது. பலமுள்ளவன் பலமில்லாதவனுக்குப் பக்கத்தில் எப்படி வாழ்வது என்னும் பழைய கேள்வியே இதில் அடங்கியிருக்கிறது.

கோழியைப் போல் எல்லாத் திசைகளிலும் பகைவர்களைச் சம்பாதித்துக்கொண்ட ஜீவன் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம். வானத்தில் பருந்தும் வல்லூறும்; கூரையின் மேல் காகம்; பகலில் கீரி; இரவில் மரநாயும் காட்டுப்பூனையும்; முட்டைக்குப் பாம்பு; குஞ்சுக்குப் பெருச்சாளி. இத்தனைக்கும் நடுவே பேடையானது 21 நாள் அடைகாத்துக் குஞ்சு பொரித்து அவற்றை வெளியே அழைத்து வருகிறது. அதன் தைரியத்தை என்னவென்று சொல்வது!

கோழியை மூடப் பிராணி என்று நினைப்பவர்கள் அதன் குரலைக் கவனித்ததில்லை. பருந்தின் நிழலைக் கண்டால் சேவல் ஒருவிதமாகக் குரல் கொடுக்கும். தரையில் வரும் பகைவனைக் கண்டால் முற்றிலும் வேறுவிதமாகக் கொக்கரிக்கும். முதற் குரலுக்குக் கோழிகள் ஓடிப் பதுங்கும். இரண்டாவது குரலுக்குக் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நாற்புறமும் பார்க்கும். இவ்வித்தியாசத்தை விஞ்ஞானிகளும் பரிசோதனை செய்து நிலைநாட்டியிருக்கிறார்கள். நம் வீட்டு மணிக்கு — அதுதான் நாயின் திருநாமம் — எந்த விஞ்ஞானியும் இதைக் கற்றுக்கொடுக்கவில்லை. முதற் குரல் கேட்டால் அது ஆகாயத்தைப் பார்த்துக் குரைக்கிறது. இரண்டாவது குரல் கேட்டால் வேலியோரமாக ஓடுகிறது.

மணி உயர்ந்த ஜாதி நாயன்று. 2005-ஆம் வருஷத்தில் நம் தேசத்துத் தபால் இலாகா நான்கு இந்திய நாய்களின் படங்களைத் தபால் தலைகளில் வெளியிட்டபோது, அவற்றுள் நமது ராஜபாளையம் நாயும் இடம் பெற்றது. அந்தப் பெருமையெல்லாம் மணிக்குக் கிடையாது. சாதாரண நாட்டு நாய். இரண்டு மாதக் குட்டியாக வந்தது.

வந்தவுடனே அதற்குக் காவல் உத்தியோகம் கொடுத்துவிடவில்லை. நாய்க்கு ஓடுவதைத் துரத்துவது சுபாவம். கோழிக்குப் பயந்து ஓடுவது சுபாவம். நாய்க்கு விளையாட்டாகத் தொடங்குவது கோழிக்கு உயிரின் முடிவாகிவிடும். ஆகையால் முதல் சில மாதங்கள் மணியைத் தூணிலே கட்டி, அதன் கண்ணெதிரே கோழிகளை மேயவிட்டோம். உற்றுப் பார்த்து உடம்பைக் குறுக்கினால், “வேண்டாம்” என்று ஒரு சொல். முகத்தைத் திருப்பிக்கொண்டால் ஒரு தட்டிக்கொடுத்தல். அடி என்பதே கிடையாது. கோழிக் குடலையோ எலும்பையோ அதற்குப் போட்டதில்லை. உடைந்த முட்டையைக்கூட அதன் கண்ணில் படாமல் புதைத்துவிடுவோம். ருசி ஏற்பட்டபின் உபதேசம் ஏறாது. இரண்டின் தீனியும் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு வேளையில். ஒரு வருஷம் ஆன பிறகே தனியாகக் காவலுக்கு விட்டோம்.

இது நடக்கக்கூடிய காரியமா என்று கேட்பவர்களுக்கு, ஆஸ்திரேலியாவில் வாரணம்பூல் என்னும் ஊருக்கு அருகிலுள்ள சிறு தீவின் கதையைச் சொல்லுவோம். கடல் வற்றும் வேளைகளில் நரிகள் அத்தீவுக்குக் கடந்து சென்று, அங்கிருந்த சிறிய பெங்குவின் பறவைகளைக் கொன்று வந்தன. நூற்றுக்கணக்கில் இருந்த பறவைகள் 2005-ஆம் வருஷத்தில் பத்துக்கும் குறைந்துவிட்டன. அவ்வட்டாரத்துக் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர், இத்தாலி தேசத்து மரெம்மா நாய்களைக் கொண்டு தம் கோழிகளைக் காத்து வந்தவர், அந்நாய்களையே தீவுக்கும் அனுப்பலாமென்றார். 2006-ல் நாய்கள் காவலுக்குச் சென்றன. பறவைகளும் மறுபடி பெருகின.

இனி, நம் வீட்டில் நேர்ந்த சோதனைக்கு வருவோம். இரண்டு வருஷங்களுக்கு முன் ஒரு விடியற்காலையில், அடுத்த வீட்டு ஆச்சியின் கூட்டில் மூன்று கோழிகள் கழுத்தில் கடியுண்டு மாண்டு கிடந்தன, நான்காவதைக் காணோம். ஆச்சிக்கு முட்டைக் காசுதான் கைச்செலவுக்கு ஆதாரம். “வாத்தியாரையா, கோழிக்குப் பக்கத்திலே நாயை வைக்காதீகன்னு அன்னைக்கே சொன்னேனே!” என்று அழுதார். தெருவில் பத்துப் பேர் கூடினார்கள். நாயை ஊருக்கு வெளியே விட்டுவிட வேண்டுமென்று சிலர். அடித்துவிட வேண்டுமென்று சிலர். சாட்சி கேட்பார் ஒருவருமில்லை. நாய் என்ற பெயரே குற்றத்துக்குப் போதுமானதாக இருந்தது.

“கூட்டை ஒருமுறை பார்க்கலாம், ஆச்சி” என்றோம். கதவு தாழிட்டபடி இருந்தது. பின்புறத்தில், மேல் மூலையில் ஒரு பலகை விலகியிருந்தது. அந்த இடைவெளியில் நம் முஷ்டி நுழையும். மணியின் தலை நுழையாது. இருந்தும் சிலருக்குத் திருப்தி ஏற்படவில்லை. ஆகவே அன்றிரவு மணியை வீட்டிற்குள் கட்டிவிட்டு, ஆச்சியின் பேரனும் நாமும் திண்ணையில் காத்திருந்தோம். நள்ளிரவுக்கு மேல் முருங்கை மரத்திலிருந்து ஒன்று ஓசையின்றிக் கூட்டின் கூரையில் இறங்கிற்று. பேரன் மின்விளக்கை அடித்தான். நீண்ட வாலும் மின்னும் கண்களுமாக நின்றது மரநாய்! மறுநாள் எல்லோரும் சேர்ந்து கூட்டுக்கு அரையங்குலக் கண்ணுள்ள கம்பி வலை அடித்தோம். ஆச்சி நம்மிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று மத்தியானம் மணிக்கு ஒரு கிண்ணம் மோர்ச் சோறு வந்தது.

நாய்க்காகப் பேசும்போது நாய் வளர்ப்போரின் கடமையையும் சொல்லத்தான் வேண்டும். 1926-ஆம் வருஷத்தில் ஆமதாபாத்தில் ஓர் ஆலை முதலாளி 60 தெருநாய்களைக் கொல்லச் செய்ததைப் பற்றி எழுந்த பெரும் விவாதத்தில், மகாத்மா காந்தி பலருக்குக் கசப்பான ஓர் அபிப்பிராயத்தை எழுதினார். வீதியில் ஒரு பிடி சோற்றை எறிந்துவிட்டுப் போவது ஜீவகாருண்யமாகாது. இரக்கமுள்ளவன் நாயின் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். நாயைத் தெருவில் அலையவிட்டுவிட்டு, அது அயலார் கோழியைப் பிடித்தால் விதியை நோவதில் பயனில்லை. வெறிநோய்த் தடுப்பு ஊசியும், நல்ல வேலியும், வேளைக்குச் சோறும் கொடுக்க முடியாதவர்கள் காவல் நாயை விரும்புவது சரியன்று.

காவலுக்கும் எல்லையுண்டு. வெள்ளைக் கழிச்சல் வந்தால் எந்த நாயும் குரைத்துத் துரத்த முடியாது. குமாயூன் மலையிலுள்ள ராணிக்கேத்தின் பெயரால் நம் நாட்டில் வழங்கும் அந்நோய் ஒரே வாரத்தில் கூட்டைக் காலி செய்துவிடும். குஞ்சுப் பருவத்திலேயே சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் ஊசியும் போடுவதுதான் அதற்கு வேலி.

பலத்தை ஒழிப்பதால் பலவீனர் பிழைப்பதில்லை. பலம் தன்னை அடக்கிக்கொள்ளக் கற்றால்தான் பிழைக்கிறார்கள். வேலி பயிரை மேய்வதுண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் வேலியைப் பழக்குவதும், பழகிய வேலியின்மேல் விசாரணையின்றிப் பழி போடாதிருப்பதும் பயிருக்கு உடையவனின் வேலை. வீட்டுக்கு மட்டுமின்றி நாட்டுக்கும் இந்த நியாயம் பொருந்துமென்று வாசகர்கள் கருதினால், நமக்கு ஆக்ஷேபணையில்லை.