மலையில் ஒரு வீடு தேடி

சித்திரை பிறந்துவிட்டால் திண்டுக்கல் நகரத்தார் அண்ணாந்து பார்க்கத் தொடங்கிவிடுவர். மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பதல்ல, மலையைப் பார்ப்பது. நமது ஊர் சமவெளியில் இருந்தாலும் இரு மலைகளுக்கு நடுவே இருக்கிறது. தென்கிழக்கே, கைக்கெட்டும் தொலைவில் இருப்பதுபோல் சிறுமலை. மேற்கே, வத்தலக்குண்டுக்கு அப்பால், நீலப் புகைபோல் பழனி மலைத்தொடர். அதன் மேல் கொடைக்கானல். கோட்டைப் பாறை பகலெல்லாம் குடித்த வெயிலை இரவு பத்து மணிக்கும் கக்கிக்கொண்டிருக்கும் அந்நாட்களில், குழாயில் தண்ணீரும் முறை வைத்து வரும்போது, பள்ளி விடுமுறை விட்ட பிள்ளைகளை வைத்துக்கொண்டு எந்த வீட்டில்தான் மலைப்பேச்சு எழாது?

எங்கள் வீட்டிலும் எழுந்தது. அண்ணன் குடும்பம், என் குடும்பம், தங்கை குடும்பம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் பதின்மூன்று பேர். அவர்களுள் அம்மாவுக்கு வயது எழுபத்தாறு. இத்தனை பேர் தங்கும் விடுதியில் ஐந்து அறைகள் எடுத்தால் ஒரு மாதச் சம்பளம் போய்விடும். அன்றியும், ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பதற்கு மலைக்கு ஏன் போக வேண்டும்? ஆகவே தனி வீடு ஒன்றை மூன்று நாளைக்கு வாடகைக்கு எடுப்பது என்று முடிவாயிற்று. இது சென்ற ஆண்டுக்கு முந்தின ஆண்டு நடந்தது.

வீட்டைத் தேர்ந்தவர் அண்ணன் மகன். கைப்பேசியில் பதினைந்து புகைப்படங்களைக் காட்டினான். கண்ணாடிச் சாளரம், அதற்கு வெளியே பள்ளத்தாக்கு, பள்ளத்தாக்கில் பஞ்சுபோல் மேகம். நாங்கள் அனைவரும் மேகத்தைப் பார்த்தோமேயன்றி வீட்டைப் பார்க்கவில்லை. அம்மாவிடம் காட்டியபோது, “வாசப்படி எங்கய்யா இருக்கு?” என்று கேட்டார்கள். சிரித்துவிட்டோம்.

அங்கே போய் இறங்கிய பிறகுதான் அந்தக் கேள்வியின் பொருள் விளங்கியது. கொடைக்கானலில் பல வீடுகள் சாலைக்குக் கீழே, சரிவில் கட்டப்பட்டவை. வண்டி நின்ற இடத்திலிருந்து வாசலுக்கு அறுபத்து நான்கு படிகள். கைப்பிடிச் சுவர் கிடையாது. பாசி படிந்திருந்தது. முழங்கால் தேய்ந்துபோன அம்மாவைப் பிரம்பு நாற்காலி ஒன்றில் அமர்த்தி, அண்ணனும் மைத்துனரும் முன்னும் பின்னுமாகத் தூக்கி இறக்கினார்கள். அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு வந்தது இன்னும் என் மனத்தில் இருக்கிறது. அதன்பின் மூன்று நாளும் அவர்கள் அந்த வீட்டை விட்டு வெளியே வரவில்லை. ஏரியைப் பார்க்கவில்லை, சலேத் மாதா கோயிலுக்கும் வர இயலவில்லை. கண்ணாடிச் சாளரத்தின் ஓரம் போர்வையைப் போர்த்திக்கொண்டு மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதின்மூன்று பேருக்குக் கழிப்பறை இரண்டு. இரண்டாம் நாள் மாலை தொட்டியில் தண்ணீர் தீர்ந்தது; லாரி மறுநாள் வந்தது. மதினியோ காலை இட்லி, பத்து மணிக்குக் காப்பி, மதியச் சோறு, மாலையில் பிள்ளைகளுக்குப் பஜ்ஜி, இரவுச் சப்பாத்தி என்று திண்டுக்கல் அடுப்பை விட்டுக் கொடைக்கானல் அடுப்புக்கு மாற்றலாகி வந்தவர்போல் நின்றார். திரும்பும் வழியில் வண்டியில், “எல்லாருக்கும் லீவு விட்டாச்சு. எனக்கும் அடுப்புக்கும்தான் விடல” என்றார். எவரும் பதில் சொல்லவில்லை.

அம்மாவை நாற்காலியில் தூக்கிய காட்சி எனக்குப் பழைய வரலாறு ஒன்றை நினைவூட்டியது. குடும்பத்தோடு தங்க மலையில் வீடு தேடிய முதல் திண்டுக்கல்வாசிகள் நாம் அல்லர். கடல் கடந்து வந்தவர்களே நமக்கு முன்னோடிகள். அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தது 1834-இல். அடுத்த ஆண்டே திண்டுக்கல்லிலும் அவர்கள் நிலையம் அமைத்தனர். வந்த சில ஆண்டுகளுக்குள் வாந்திபேதியும் காய்ச்சலும் அவர்களுள் பலரைக் கொண்டுபோயின. மனைவியரும் குழந்தைகளும் மாண்டனர். கத்தோலிக்கத் தரப்பிலும் இதே துயரந்தான். 1838-இல் மதுரைப் பணித்தளத்துக்குத் திரும்பி வந்த இயேசு சபைக் குருக்களுள் இளம் வயதிலேயே கல்லறை கண்டவர்கள் பலர். ஆகவே இவர்களுக்கு மலை வீடு என்பது உல்லாசமன்று, உயிர்ப் பிரச்சினை.

அமெரிக்கர் முதலில் தேர்ந்தது எதை என்று நினைக்கிறீர்கள்? நமது சிறுமலையைத்தான். அருகில் இருக்கிறது, ஏறுவது எளிது, நிழலும் நீரோடையும் உண்டு. புகைப்படம் இருந்திருந்தால் அதுவும் அழகாகவே இருந்திருக்கும். ஆனால் அங்கே தங்கியவர்களைக் காய்ச்சல் விடவில்லை. கீழே விட்டு ஓடிவந்ததாக நினைத்த நோய் மேலே காத்துக்கொண்டிருந்தது. பின்னர் அவர்கள் மேற்கே பார்த்தார்கள். பழனி மலைகளை 1821-இல் வார்டு என்ற ஆங்கிலேய அதிகாரி அளந்து எழுதியிருந்தார். 1845-இல் கொடைக்கானலில் மிஷனரிமார் இரண்டு வீடுகளைக் கட்டி முடித்தனர். ‘சன்னிசைடு’, ‘ஷெல்டன்’ என்பன அவற்றின் பெயர்கள். கொடைக்கானல் என்ற ஊர் பிறந்தது அந்த இரண்டு விடுமுறை வீடுகளிலிருந்துதான். ஏரிகூட அதற்குப் பின், 1863-இல், வியர் லெவிஞ்சு என்ற கலெக்டர் அணை கட்டி உண்டாக்கியது.

சிறுமலையில் பிடித்த காய்ச்சல் கொடைக்கானலில் ஏன் பிடிக்கவில்லை? கெட்ட காற்றுதான் காரணம் என்று அக்காலத்தார் நம்பினர். மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் அதுதான் பொருள். கொசுவின் உடலில் அக்கிருமி வளர்வதை ரொனால்டு ராஸ் 1897-இல் செக்கந்திராபாத்தில் கண்டுபிடித்த பிறகே உண்மை வெளியாயிற்று. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரைப் பாகை குறையும். திண்டுக்கல்லைவிடச் சிறுமலைக் குடியிருப்புகளில் ஐந்தாறு பாகை குறைவு. நமக்கு இதமான குளிர், கொசுவுக்கும் இதமான குளிர். கொடைக்கானலோ கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2100 மீட்டர். அங்கே ஆண்டின் பெரும்பகுதி நிலவும் குளிரில் கொசுவுக்குள் அக்கிருமி முதிர்ச்சியடைவதில்லை. பதினாறு பாகைக்குக் கீழே அதன் வளர்ச்சி நின்றுவிடும் என்பர். காரணம் தெரியாமலேயே அவர்கள் சரியான வீட்டை அடைந்தார்கள்; ஆனால் தவறான வீட்டில் சிலகாலம் இருந்து பார்த்த பிறகே அடைந்தார்கள்.

அங்கே போய்ச் சேர்ந்த விதத்தையும் சொல்ல வேண்டும். பெரியகுளம் பக்கத்து அடிவாரம் வரை மாட்டு வண்டி. அதற்கு மேல் ஒற்றையடிப் பாதை. ஆடவர் குதிரையில் ஏறுவர். பெண்டிரும் குழந்தைகளும் நோயாளிகளும் டோலியில், அல்லது மூங்கில் கழி பூட்டிய நாற்காலியில். மெத்தை, பாத்திரம், மாவு மூட்டை, பிள்ளைகளின் தொட்டில் யாவும் கீழ்நாட்டுக் கூலியாட்களின் தலையில் ஏறின. 1875-இல் அம்மையநாயக்கனூர் வரை ரயில் வந்தது. இன்றும் அந்த நிலையத்துக்குக் கொடைக்கானல் ரோடு என்றே பெயர். ஆயினும், மேஜர் லா என்பவரின் பெயரைத் தாங்கிய மலைச்சாலை இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் மோட்டார் வண்டிகளுக்குத் திறக்கப்படும் வரை தோள்கள்தாம் வாகனம். ஓய்வெடுக்கப் போனவர்களின் நாட்குறிப்புகளும் கடிதங்களும் நூல்களாகிவிட்டன. தூக்கிச் சென்றவர்கள் அன்றிரவு எங்கே படுத்தார்கள் என்று எழுதிவைத்தவர் எத்தனை பேர்?

1860-களில் அருட்தந்தை லூயி சென்-சீர் அங்கே இயேசு சபையாருக்கு ஓய்வில்லமும் சலேத் மாதா ஆலயமும் அமைய வழி செய்தார். 1895-இல் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரி தோன்றியது. இவ்விடத்தில் ஒரு சிறு செய்தி. இன்று விளம்பரங்களில் ‘வில்லா’ என்றால் நீச்சல் குளம் வைத்த மாளிகை என்று நினைத்துக்கொள்கிறோம். இயேசு சபையார் வழக்கில் வில்லா என்பது, ஆண்டு முழுதும் உழைத்த குழு சேர்ந்து போய்ச் சில நாள் இளைப்பாறும் வீடு, அவ்வளவே. எனக்கு அந்தப் பொருள்தான் பிடித்திருக்கிறது.

நிற்க. இவ்வாண்டு மாசியிலேயே அம்மா முந்திக்கொண்டார்கள். “இந்தத் தடவ நீங்க போயிட்டு வாங்க. நான் வீட்டுக்குக் காவலா இருந்துக்கிறேன்.” பூட்டுக்குப் பெயர் போன ஊரில் வீட்டுக்குக் காவல் எதற்கு? அதைச் சொல்லி நாங்கள் சிரித்தோம்; அம்மா சிரிக்கவில்லை. எங்களுக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்று அவர்கள் முடிவு செய்துவிட்டது அப்போதுதான் உறைத்தது. அம்மா இல்லாமல் போவதென்றால் அந்தப் பயணமே வேண்டாம் என்றாள் தங்கை. அண்ணன் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப வீட்ட நம்ம பாக்கக் கூடாது. அம்மாவும் மதினியும் பாக்கட்டும்” என்றார். தம் மனைவியை அண்ணன் மதினி என்று சொன்னது இதுவே முதல் தடவை. எங்கள் வாயால் கேட்டுக் கேட்டு அவருக்கும் பழகிவிட்டது போலும்.

மதினி கேட்ட கேள்விகளை நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். வண்டி நிற்கும் இடத்துக்கும் வாசலுக்கும் எத்தனை படி? கீழ்த்தளத்தில் படுக்கையறையும் கழிப்பறையும் உண்டா? கழிப்பறை எந்த மாதிரி? தண்ணீர் கிணற்றிலிருந்தா, லாரியிலிருந்தா? வெந்நீருக்கு மின்சாரம் போனால் என்ன வழி? சமைத்துப் போட உள்ளூரில் ஆள் உண்டா, அவருக்குக் கூலி யார் கொடுப்பது, வீட்டுக்காரரா நாமா? இரவில் அம்மாவுக்கு மூச்சு முட்டினால் எவ்வளவு நேரத்தில் ஆஸ்பத்திரி? காட்சி எப்படி இருக்கும் என்று அவர் கேட்கவே இல்லை. ரோமாபுரிக்கும் லூர்து நகருக்கும் குழுவாகப் புறப்படுவோர் உண்டு. நுவரெலியாவில் வீடு பிடிக்கும் குடும்பங்களும் உண்டு. அவர்களும் இந்தத் தாளைப் படியெடுத்துக்கொள்ளலாம். கடல் கடந்தாலும் முழங்கால் முழங்கால்தானே.

வீடு அனுமதி பெற்றதா என்று கேட்க நான் சேர்த்துக்கொண்டேன். கொடைக்கானலில் அனுமதியற்ற விடுதிகளுக்கு முத்திரையிட்ட சம்பவங்கள் உண்டு; முன்பணம் கொடுத்துவிட்டுத் தெருவில் நிற்கலாகாது. அன்றியும், உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் அங்கே செல்லும் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. அவ்வாண்டு நவம்பரில் 12 மீட்டருக்கு மேல் நீளமான வாகனங்கள் மலையேறுவதற்கும் தடை விதிக்கப்பட்டது. பங்கிலிருந்து பெரிய பேருந்தில் கூட்டமாகப் போக நினைப்பவர்கள் புறப்படுமுன் நடப்பு விதியை விசாரித்துக்கொள்வது நல்லது.

தாளை எடுத்துக்கொண்டு கொடைக்கானலில் மூன்று வீடுகளுக்குத் தொலைபேசியில் பேசினோம். ஒருவர் படிகளை எண்ணியதில்லை என்றார். இன்னொருவர் எண்ணிப் பார்த்து, அதிகம் என்று தாமே மறுத்துவிட்டார், நல்ல மனிதர். கடைசியில் ஒரு சனிக்கிழமை அண்ணனும் மதினியும் பேருந்தில் சிறுமலைக்குப் போய் நேரிலேயே பார்த்துவிட்டு வந்தார்கள். பதினெட்டுக் கொண்டையூசி வளைவுகள். ஆனால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பயணந்தான். பழையூரைத் தாண்டி, மிளகுக் கொடியும் பலா மரமும் காப்பிச் செடியும் சூழ்ந்த தோட்டத்தில் ஓட்டு வீடு. வாசலுக்கு இரண்டே படி. கிணறு இருக்கிறது. தோட்டத்துக் காவலாளியின் மனைவி சமைத்துத் தருவார். கூலியை அவரிடமே பேசி முடித்துவிட்டார் மதினி. அமெரிக்கர் வேண்டாம் என்று விட்டுவந்த மலையையா தேர்வது என்று நான் வரலாறு பேசினேன். “அவுகளுக்குக் காய்ச்ச. நமக்கு முழங்கால். ஆஸ்பத்திரியும் பக்கம்” என்றார் மதினி. கொசுவலை ஐந்து எடுத்து வைத்ததும் அவரே.

மே மாத முதல் வாரத்தில் போனோம். பெரிய குளிர் இல்லை. போர்வை வேண்டியிருந்தது, கம்பளி வேண்டியிருக்கவில்லை. கைப்பேசிக்கு முற்றத்தின் ஒரு மூலையில் மட்டுமே தொடர்பு கிடைத்ததால் இளையவர்கள் முதல் நாள் முணுமுணுத்தார்கள். இரண்டாம் நாள் குதிரைகள் தோட்டங்களிலிருந்து மூட்டை சுமந்து வருவதைப் பார்க்கப் போய்விட்டார்கள். சிறுமலை வாழைப்பழம் கிடைத்தது. முடிக்கொத்து நோய் அந்த வாழையைப் பெரிதும் அழித்த காலத்துக்குப் பிறகு அது அரிய பொருளாகிவிட்டது. சுருங்கிய தோலும் கனத்த இனிப்புமாக அம்மா சிறுவயதில் தின்ற அதே பழம். அம்மா மூன்று தின்றார்கள். சர்க்கரை நோயை எவரும் நினைவூட்டவில்லை.

மறுநாள் காலை விழித்தபோது அம்மாவின் கட்டில் காலியாக இருந்தது. பதறிப்போய் வெளியே வந்தேன். இரண்டு படிகளையும் தாமே இறங்கி, பலா மரத்தடிக் கல்லில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் மதினி, காலை நீட்டிக்கொண்டு, கையில் காப்பித் தம்ளருடன். மணி எட்டாகியிருந்தது. சமையற்கட்டுப் பக்கமிருந்து புகை வந்தது. மதினி எழுந்திருக்கவில்லை.