பேட்டரி இல்ல, எர்த்து

போன நவம்பர்ல எங்க அப்பாவோட 4,200 ரூபாய வீணாக்கினது நான்தான். இத கிளாஸ்ல யார்கிட்டயும் இதுவரைக்கும் சொன்னதில்ல. ஈ.ஈ.ஈ. கடைசி வருஷம் படிக்கிற பொண்ணு ஒரு 12 வோல்ட் பேட்டரிகிட்ட ஏமாந்த கதைய எப்படிச் சொல்றது? இதழுக்கு ஏதாவது எழுதிக் குடுன்னு கேட்டப்போ முதல்ல ஞாபகம் வந்தது இதுதான். பன்னெண்டாவது வரைக்கும் இங்கிலீஷ் மீடியம், அதனால ஒற்றுப்பிழை எல்லாம் பொறுத்துக்கோங்க.

எங்க ஊர் தூத்துக்குடி. அப்பா சொந்தமா ஒரு பழைய பெட்ரோல் கார் வச்சு சவாரி ஓட்டுறார். ஸ்டடி லீவுக்கு நான் வீட்டுக்குப் போயிருந்த நேரம். ஒரு நாள் காலைல 4 மணிக்கு மதுரை ஏர்போர்ட் டிரிப். சாவியத் திருப்பினா "டக்"னு ஒரே ஒரு சத்தம். செல்ஃப் எடுக்கல. மறுபடி திருப்பினார், மறுபடியும் "டக்". அரை மணி நேரம் போராடிட்டு, பார்ட்டிக்கு போன் பண்ணி மன்னிப்பு கேட்டு, வேற ஒருத்தர் வண்டிய அனுப்பி வச்சார். அந்த டிரிப் போச்சு.

விடிஞ்சதும் நான் என் மஞ்சள் கலர் மல்டிமீட்டர எடுத்துக்கிட்டு ஒரு டாக்டர் மாதிரி வந்து நின்னேன். பேட்டரியோட ரெண்டு முனையிலயும் வச்சேன். 12.2 வோல்ட். ஃபுல் சார்ஜ்ல இருக்கிற பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 கிட்ட காட்டணும். 12.2னா ஏறக்குறைய பாதிதான் சார்ஜ். பேட்டரிக்கு வயசும் மூணு வருஷம் ஆச்சு. எல்லாம் பொருந்துது.

"அப்பா, பேட்டரி போச்சு. மாத்திருங்க."

அப்பா தலையச் சொறிஞ்சார். "லைட்டு நல்லாத்தானம்மா எரியுது? ஆரனும் அடிக்குதே?"

"லைட்டுக்கு கொஞ்சம் கரண்ட் போதும்ப்பா. செல்ஃப் மோட்டாருக்கு நூறு, நூத்தம்பது ஆம்பியர் வேணும். அதுக்கு இந்த பேட்டரில தெம்பு இல்ல."

நான் சொன்னதுல தப்பான வாக்கியம் ஒண்ணுகூட இல்ல. அதுதான் கொடுமை. அப்பா அதுக்கு மேல பேசல. பேட்டரி கடையில போய், "எம் பொண்ணு கரண்டு இன்ஜினியருக்குப் படிக்கா, அவளே பாத்துச் சொல்லிட்டா"ன்னு சொல்லி புதுசு வாங்கிட்டு வந்தார். பழசக் குடுத்தது போக 4,200 ரூபாய். மாட்டினதும் வண்டி ஒரே சாவில எடுத்துச்சு. அன்னைக்கு ராத்திரி எனக்கு மட்டும் ரெண்டு முட்டை தோசை.

ஒன்பதாவது நாள், திருச்செந்தூர் கோயிலுக்கு ஒரு குடும்பத்தக் கூட்டிட்டுப் போயிருந்தார். தரிசனம் முடிஞ்சு எல்லாரும் ஏறி உக்காந்தாச்சு. சாவியத் திருப்பினா அதே "டக்". பட்டு வேட்டி கட்டின ரெண்டு பேர் இறங்கி வண்டியத் தள்ளியிருக்காங்க. செகண்ட் கியர்ல போட்டு கிளட்ச்ச விட்டதும் வண்டி எடுத்துருச்சு. வழியில டீ குடிக்க நிறுத்தினப்போகூட அப்பா இன்ஜின அணைக்கல. இறங்கும்போது அந்தக் குடும்பம் 300 ரூபாய் குறைச்சுக் குடுத்திருக்கு. அவங்க மேலயும் தப்பு சொல்ல முடியாது.

அப்பா நேரா ஆட்டோ எலக்ட்ரீசியன் அண்ணாச்சி செட்டுக்குப் போயிட்டு எனக்கு போன் பண்ணினார். "மீட்டர எடுத்துக்கிட்டு வாம்மா." குரல்ல கோபமே இல்ல. கோபப்பட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அண்ணாச்சிக்கு அறுபது வயசு இருக்கும். நான் போறதுக்குள்ள பானெட்டத் திறந்து பாத்திருப்பார்னு நினைச்சேன். திறக்கவே இல்ல. ஸ்டூல்ல உக்காந்து அப்பாகிட்ட கேள்வி கேட்டுக்கிட்டிருந்தார். எப்பல்லாம் எடுக்க மாட்டேங்குது? ஈரத்துலயா, வெயில்லயா? தள்ளினா எடுக்குதா? வேற ஏதாவது மாறியிருக்கா? கடைசிக் கேள்விக்கு அப்பா கொஞ்சம் யோசிச்சு, "கிளட்ச்சு கொஞ்ச நாளா இறுகலா இருக்கு, அது வேற விஷயம்"னார்.

"அது வேற விஷயம் இல்ல போல"ன்னு அண்ணாச்சி எந்திரிச்சார்.

ஹெட்லைட்டப் போடச் சொன்னார். "இப்போ சாவியத் திருப்புங்க." டக். லைட் லேசா மங்கினதோட சரி, அணையல. "பாத்தியா பாப்பா? பேட்டரி செத்திருந்தா லைட்டும் கூடவே படுத்திருக்கும்." அதே லைட்டப் பத்தித்தான் அப்பா முதல் நாளே என்கிட்ட கேட்டார். சாவியத் திருப்பும்போது அந்த லைட்டப் பாருங்கன்னு சொல்ல எனக்குத் தோணல.

நாலஞ்சு தடவை திருப்பச் சொல்லிட்டு, பானெட்டுக்குள்ள கைய விட்டு கிளட்ச் கேபிளத் தொட்டுப் பாத்தார். "தொடு." தொட்டேன். சூடா இருந்துச்சு. இன்ஜின் ஓடவே இல்ல, ஆனா வெறும் இழுவைக் கம்பி எப்படிச் சூடாகும்?

அப்புறம் ஒரு ஜம்பர் கேபிள எடுத்தார். ஒரு முனைய பேட்டரி மைனஸ்ல மாட்டினார். இன்னொரு முனையக் கொண்டுபோய் இன்ஜின்ல பெயின்ட் இல்லாத ஒரு இரும்புல கடிக்க விட்டார். "இப்போ அடிங்க." வண்டி ஒரே சாவில எடுத்துச்சு.

எனக்கு அங்கேயே புரிஞ்சுபோச்சு. இன்ஜின் காரோட பாடிமேல நேரா உக்காரல, ரப்பர் மவுன்ட்டுகள் மேல உக்காந்திருக்கு. ரப்பர்ல கரண்ட் போகாது. செல்ஃப் மோட்டார் இன்ஜினோட இரும்புலதான் மாட்டியிருக்கு. அதுக்குள்ள போன நூறு ஆம்பியர் பேட்டரிக்குத் திரும்பி வரணும்னா, இன்ஜினையும் பாடியையும் இணைக்கிற ஒரு எர்த் ஸ்ட்ராப் வேணும். எங்க வண்டில அந்த ஸ்ட்ராப் மாட்டின போல்ட் உப்புக் காத்துல பச்சையும் வெள்ளையுமா பூத்துப் போயிருந்துச்சு. திரும்பிவர வழி கிடைக்காத கரண்ட், இன்ஜினையும் பாடியையும் தொட்டுக்கிட்டிருந்த இன்னொரு உலோகம் வழியாப் போயிருக்கு. அதுதான் கிளட்ச் கேபிள். சூடாகிச் சூடாகி உள்ள தேஞ்சு இறுகிருச்சு. லைட்டும் ஆரனும் பாடியிலயே எர்த் ஆகுறதால அதுகளுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல.

"இப்போ உன் மீட்டர வையி"ன்னார் அண்ணாச்சி. ஜம்பரக் கழட்டிட்டு, ஒரு முனைய பேட்டரி மைனஸ்லயும் இன்னொரு முனைய இன்ஜின்லயும் வச்சேன். 0.00. அப்பா சாவியத் திருப்பினார். 6.8 வோல்ட்.

நல்ல எர்த்னா அங்க 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல விழக்கூடாது. அந்த நேரம் 80 ஆம்பியர் போச்சுன்னு வச்சுக்கிட்டா, ஓம் விதிப்படி அந்த போல்ட்டோட ரெசிஸ்டன்ஸ் 0.085 ஓம். அவ்வளவு சின்ன ஒரு எண் 12 வோல்ட்ல பாதிக்கு மேல தின்னிருக்கு. என் மீட்டர்ல கன்டினியூட்டி வச்சிருந்தா "பீப்"னு அடிச்சு எல்லாம் சரின்னு சொல்லியிருக்கும், ஏன்னா பத்து ஓம் இருந்தாலே அது அடிக்கும். ஓம்ல வச்சிருந்தாலும் பிரயோஜனம் இல்ல. மீட்டர் வயரோட ரெசிஸ்டன்ஸே அத விட அதிகம். வோல்ட்ல வச்சு, கரண்ட் போகும்போது மட்டும்தான் இந்தக் கோளாறு கண்ணுக்குத் தெரியும்.

முதல் நாள் நான் செஞ்ச தப்பும் இதுதான். சும்மா கிடக்கிற வண்டிய அளந்தேன். டிஜிட்டல் மீட்டரோட உள் ரெசிஸ்டன்ஸ் பெரும்பாலும் 10 மெகா ஓம். அது இழுக்கிற கரண்ட் ஒண்ணுமே இல்லாத மாதிரி. அதனால பச்சை பூத்துப்போன வயர்லகூட அழகா 12 வோல்ட் காட்டும். அண்ணாச்சி மீட்டரே வச்சிக்கிறதில்ல. ஒரு பழைய 21 வாட் இண்டிகேட்டர் பல்பு, அதுல ரெண்டு வயர். அது எரிய 1.75 ஆம்பியர் வேணும். வயர் நோயாளியா இருந்தா பல்பு மங்கிக் காட்டிக் குடுத்துரும்.

பேட்டரி மாத்தினதும் ஒன்பது நாள் எப்படி ஓடுச்சுன்னு கேட்டேன். "கழட்டி மாட்டும்போது எர்த்து அசைஞ்சு கொஞ்சம் புடிச்சிருக்கும். மழை பெஞ்சதும் மறுபடி விட்டுருச்சு"ன்னார்.

உங்க வீட்டு வண்டி எடுக்கலன்னா, பேட்டரி கடைக்குப் போறதுக்கு முன்னாடி இதச் செஞ்சு பாருங்க. கியர் நியூட்ரல்ல இருக்கணும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கணும். ஒரு தடவைக்கு அஞ்சு செகண்டுக்கு மேல சாவியப் பிடிக்காதீங்க.

முதல்ல ஹெட்லைட்டப் போட்டுட்டு சாவியத் திருப்புங்க. லைட் சுத்தமாப் படுத்தா பேட்டரி, இல்லன்னா பேட்டரி டெர்மினல். லைட் அப்படியே எரிஞ்சு ஒரு சத்தமும் வரலன்னா, செல்ஃபுக்கு உத்தரவே போகல. சாவி ஸ்விட்ச், ரிலே, செல்ஃபுக்குப் போற மெல்லிசு வயர்னு தேடணும். லைட் நல்லா இருந்து "டக்"னு மட்டும் கேட்டா, தடி வயர், எர்த், செல்ஃப் மோட்டார்னு இந்த மூணுல ஒண்ணு.

அடுத்தது மீட்டர். ஒருத்தர் சாவியத் திருப்பும்போதே பேட்டரி முனையில பாருங்க. 9.6க்குக் கீழ போனா பேட்டரிய சார்ஜ் போட்டு டெஸ்ட் பண்ணணும். போகலன்னா, பிளஸ் முனையில இருந்து செல்ஃப் மோட்டாரோட தடி போல்ட் வரைக்கும் எவ்வளவு விழுதுன்னு பாருங்க. 0.5க்குள்ள இருக்கணும். மைனஸ்ல இருந்து இன்ஜின் வரைக்கும் 0.3க்குள்ள. எங்க அதிகமா விழுதோ அங்கதான் கோளாறு. ஏதாவது கழட்டுறதா இருந்தா முதல்ல மைனஸ், மாட்டும்போது மைனஸ் கடைசியா.

அண்ணாச்சி போல்ட்டக் கழட்டி, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, புது ஸ்ட்ராப் மாட்டி, மேல கிரீஸ் தடவினார். ஸ்ட்ராப் 250, கூலி 300. கிளட்ச் கேபிள் தனி. அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது வண்டில நான் முன் சீட்ல உக்காந்திருந்தேன். துறைமுகம் ரோட்டுல லாரிகளுக்குப் பின்னாடி நின்னப்போ சொன்னேன்.

"அப்பா, அன்னைக்கு நீங்க கேட்டதுதான் சரி. லைட்டு எரியுதேன்னு கேட்டீங்கல்ல. நான்தான் கவனிக்கல. அந்த பேட்டரி நல்ல பேட்டரிதான்."

அப்பா ரோட்டையே பாத்துக்கிட்டிருந்தார். "பழசு இன்னும் ஒரு வருஷம் ஓடியிருக்கும்"னார். பரவால்லன்னு சொல்லுவார்னு நான் எதிர்பாத்தேன். சொல்லல. அதுவும் சரிதான்.

கொஞ்ச தூரம் போனதும் அவரே கேட்டார். "கிளட்ச்சு கேபிள் எதுக்கும்மா சூடாச்சு? அண்ணாச்சி சொன்னார், ஆனா சரியா விளங்கல."

சொல்ல ஆரம்பிச்சேன். கிரவுண்ட், ரிட்டர்ன் பாத், பேரலல்னு எனக்கு வந்தது எல்லாம் இங்கிலீஷ். நிறுத்திட்டு மறுபடி ஆரம்பிச்சேன். "போன கரண்ட் திரும்பி வீட்டுக்கு வரணும்ப்பா. வர்ற ரோடு அடைச்சிருந்தா சந்து வழியா வரும். அந்த சந்துதான் கேபிள்."

அப்பா தலைய ஆட்டினார். வீட்டு வாசல்ல வண்டிய அணைச்சுட்டு, இறங்காம, மறுபடி ஒரு தடவை சாவியத் திருப்பிப் பாத்தார். எடுத்துச்சு.