ஒரு வாளி காவிரியும் என் பிக்கப்பும்

பெங்களூரு அடுகோடியில பிக்கப் வச்சிருந்தா எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான்: "என்ன லோடு சார் அடிக்கிறீங்க?" லோடெல்லாம் இல்லீங்க, சொந்த வண்டி :-)

2024 மார்ச்ல இங்க தண்ணிப் பஞ்சம். குடிநீர்ல வண்டி கழுவினா 5000 ரூபாய் அபராதம்னு குடிநீர் வாரியம் அறிவிச்சுது. அபராதத்தை விடுங்க. இங்க குழாய்ல வர்றது சுமார் 100 கி.மீ. தூரத்துலேர்ந்து பம்ப் பண்ணி ஏத்துற காவிரி. அந்த வருஷம் ஜூன் 12-ல திறக்க வேண்டிய மேட்டூர் அணையை ஜூலை 28-லதான் திறந்தாங்க. அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் விவசாயி. ஹோஸ் பைப்பைக் கையில எடுக்கவே மனசு வரலை.

அதுலேர்ந்து ஒரே வாளிதான். வண்டியை நிழல்ல நிறுத்தி, மெத்துன்னு இருக்குற பிரஷால மேலோட்டமா தூசியைத் தட்டணும். காஞ்ச துணியால அழுத்தித் தேய்ச்சா பெயின்ட்ல கீறல் விழும். அப்புறம் ரெண்டு மைக்ரோஃபைபர் துணி: ஒண்ணு நனைச்சுத் துடைக்க, ஒண்ணு ஈரத்தை ஒத்தி எடுக்க. கூரையில ஆரம்பிச்சு கீழ இறங்கணும். பின்தொட்டியில குப்பை சேர்ந்து தண்ணி தேங்கினா துருதான்.

டீசல் ஃபில்டர்ல சேர்ற தண்ணியையும் வடிச்சிடுங்க, இன்ஜெக்டர் பிழைக்கும். டீசல் பம்புக்குப் பேர்போன மைக்கோ (2008-லேர்ந்து பாஷ்) இருக்குற ஏரியாவில இதைச் சொல்லாம விடலாமா!

அலங்காரம்னு பார்த்தா ஒரு தார்ப்பாய் மூடி, சீட் கவர். முன்னாடி இரும்புக் கம்பி மாட்டுறதை 2017 டிசம்பர்லயே மத்திய அரசு கூடாதுன்னுடுச்சு.

போன தடவை ஊருக்குப் போனப்ப அப்பா, "ஏன்டா வண்டி இப்படி மங்கிக் கெடக்கு?"ன்னார். வாளிக் கணக்கைச் சொன்னேன். அப்புறம் அவர் எதுவும் கேக்கலை.