முன்னாடி ஒரே பல்சக்கரம் போடப் போறீங்களா? செயின் லைனை அளந்துட்டுப் போடுங்க (த்ரெட்)

1/ பழைய கியர் சைக்கிள்ல முன்னாடி இருக்கிற மூணு பல்சக்கரத்தையும் கழட்டிட்டு ஒண்ணே ஒண்ணு மாட்டுறதை இப்போ நிறைய பேர் விரும்புறாங்க. எடை குறையும், பராமரிப்பு வேலையும் குறையும். திருவொற்றியூர் மாதிரி சமதளமான ஊருக்கு அது தாராளமா போதும். இங்க ஏத்தம்னா மேம்பாலம் மட்டும்தான். ஆனா அளக்காம மாட்டினா செயின் கழன்றுக்கிட்டே இருக்கும்.

2/ செயின் விழுந்தா கை கறுப்பாகும், அவ்வளவுதானேன்னு நினைக்காதீங்க. எழுந்து நின்னு அழுத்தி மிதிக்கும்போது செயின் கழன்றா, காலுக்குக் கீழே பிடிமானம் சட்டுனு போயிடும். உடம்பு முன்னாடி சரியும். கையை ஊன்றித்தான் விழுவோம். மணிக்கட்டு, காறை எலும்பு, தாடை எல்லாம் அடி வாங்கும். அதுவும் எண்ணூர் விரைவுச் சாலையில பக்கத்துலயே கன்டெய்னர் லாரி போய்க்கிட்டு இருக்கும். அங்க விழுந்தா எலும்பு முறிவோட முடியும்னு சொல்ல முடியாது.

3/ அப்பா, தாத்தா ஓட்டின கறுப்பு சைக்கிளை நினைச்சுப் பாருங்க. முன்னாடி ஒரு பல்சக்கரம், பின்னாடி ஒரு ஃப்ரீவீல், ரெண்டும் ஒரே நேர்கோட்டுல இருக்கும். 1949-ல தொடங்கின டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூர்ல தயாரிச்ச ஹெர்குலஸும் அப்படித்தான். கியர் சைக்கிளை மாத்தும்போது அந்த நேர்கோட்டை நாமதான் அமைக்கணும்.

4/ செயின் லைன்னா என்ன? ஃப்ரேமோட நடுக்கோட்டுல இருந்து பல்லோட நடு வரைக்கும் உள்ள தூரம். முன்னாடி ஒரு அளவு, பின்னாடி ஒரு அளவு. ரெண்டும் எவ்வளவு நெருங்குதோ அவ்வளவு நல்லது.

5/ முன் அளவு: சீட்டுக்குக் கீழே போற குழாயோட வெளிப்பக்கத்துல இருந்து பல்லோட நடு வரை அளங்க. குழாயோட விட்டத்துல பாதியைக் கூட்டுங்க. உதாரணமா 34 மி.மீ. வருது, குழாய் 28.6 மி.மீ.ன்னா, 34 + 14.3 = 48.3.

6/ பின் அளவு: பின் சக்கரம் உட்கார்ற இடத்துல ஃப்ரேமோட உள் அகலத்தை அளந்து பாதியாக்குங்க. 135 மி.மீ.ன்னா 67.5. அந்த வலப்பக்க உள்முகத்துல இருந்து நடுப் பல்சக்கரம் 21 மி.மீ. தள்ளி இருந்தா, 67.5 – 21 = 46.5.

7/ அப்போ வித்தியாசம் 1.8 மி.மீ. இதை மாத்தணுமா? ஏழு கியர்ல பல்சக்கரத்துக்குப் பல்சக்கரம் 5 மி.மீ. இடைவெளி. அதனால இந்த செயின், நடுவுல இருக்கிற நாலாவதுக்கும் அதுக்கு வெளியே இருக்கிற சின்னதுக்கும் இடையில நேரா நிக்கும். சமதளத்துல நாம அதிகம் ஓட்டுறதே அந்த ரெண்டுலதான். இதுவே போதும், செலவு பண்ண வேண்டாம். தினமும் சுமையோட மேம்பாலம் ஏறுறவங்கன்னா கோட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளணும். மருந்தோட அளவை ஆளைப் பார்த்து முடிவு பண்ற மாதிரிதான் இதுவும். பின்னாடியும் ஒரே பல்சக்கரம்னா இந்தச் சலுகை கிடையாது, முன்னும் பின்னும் 1 மி.மீ.க்குள்ள பொருந்தணும்.

8/ உள்ளே தள்ளுறது எப்படி? முதல்ல பல்சக்கரத்தை கிராங்க் கையோட உள்பக்கம் மாட்டிப் பாருங்க, இல்லைன்னா ஸ்பேசர் போடுங்க. அதுவும் பத்தலைன்னா நீளம் குறைஞ்ச பிபி ஆக்ஸில். ரெண்டு பக்கமும் சமமா இருக்கிற ஆக்ஸில்ல 4 மி.மீ. குறைச்சா கோடு 2 மி.மீ. உள்ளே வரும். பல் ஃப்ரேம்ல உரசுதான்னு கட்டாயம் பாருங்க.

9/ பழைய மூணு பல்சக்கரத்துல ஒண்ணையே திரும்ப மாட்டாதீங்க. கியர் மாறும்போது செயின் சுலபமா இறங்கணும்னே அதோட பல்லைக் குட்டையா வெட்டியிருப்பாங்க. ஒரு பல் தடிமன், அடுத்த பல் மெலிசுன்னு மாறி மாறி வர்ற பல்சக்கரம் கேளுங்க. 2012-ல ஸ்ராம் நிறுவனம் இதைப் பரவலாக்குச்சு. அது செயினை நல்லா பிடிச்சுக்கும். காசு இல்லைன்னா முன் கியர் மாத்துற கூண்டைக் கழட்டாம, அசையாதபடி திருகி விட்டுடுங்க. செயினுக்கு அதுவே காவல்.

10/ "இதனால முட்டி வலி வருமா டாக்டர்?" செயின் லைனால வராது. சீட் ரொம்பத் தாழ்வா இருந்தா முட்டியோட முன்பக்கம் வலிக்கும். முதல்ல அதைச் சரி பண்ணுங்க.

11/ ரோட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு சோதனை. பின் சக்கரத்தைத் தூக்கி, செயினைப் பெரிய பல்சக்கரத்துல போட்டு, பெடலைப் பின்பக்கமா சுத்துங்க. செயின் தானா இறங்கினா கோடு இன்னும் சரியாகலைன்னு அர்த்தம். கடற்கரை உப்புக்காத்துல செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும், அப்பவும் இப்படி நடக்கும். துடைச்சு எண்ணெய் விட்டு மறுபடி பாருங்க. இறங்காத வரைக்கும் சுத்திப் பார்த்துட்டு, அப்புறம் லாரி போற ரோட்டுக்கு வாங்க.