வினைப்பயனும் கடைக்காரரின் கடமையும்

பௌர்ணமிதோறும் கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் பேருந்து ஏறும் அன்பர்களில் முதியோர் பலர். 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்துத் தளர்ந்த கால்கள், உணவகத்தின் ஈரத்தரையிலோ விடுதியின் விளக்கில்லாப் படியிலோ வழுக்கிவிடுவதுண்டு. இடுப்பெலும்பு முறிந்தாலும், "எல்லாம் என் வினைப்பயன், யாரை நோவது?" என்று வாய்மூடிக் கிடப்போர் உண்டு. மருத்துவச் செலவுக்கு வீட்டு நகை அடகுக்குப் போகும்.

வினையை நம்பும் நம் மரபே கடமையையும் வற்புறுத்துகிறது. திருவாரூரில் இளவரசனின் தேர்க்காலில் கன்று மடிந்தபோது, கன்று தானே குறுக்கே பாய்ந்தது என்று மனுநீதிச் சோழர் தட்டிக்கழிக்கவில்லை. பரிகாரம் போதும் என்ற அமைச்சர் சொல்லையும் ஏற்கவில்லை. பொறுப்பைத் தாமே ஏற்றார்.

இன்றைய சட்டமும் அவ்வழியே நிற்கிறது. 1997 ஜூன் 13 அன்று டெல்லி உபஹார் திரையரங்கில் மூண்ட தீயால் 59 பேர் மாண்டனர். பொதுமக்களை வரவழைத்துத் தொழில் செய்வோர் அவர்களது பாதுகாப்புக்கும் பொறுப்பாளிகளே என்பதால், திரையரங்கத்தார் இழப்பீடு தரவேண்டும் என்பதை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

சிறிய கடைக்கும் இந்நெறி பொருந்தும். விழுந்தவுடன் மருத்துவமனைக்குப் பணம் கட்டுவது பெரும்பாலும் குடும்பத்தாரே. ஆனால் எச்சரிக்கைப் பலகை வையாமை, உடைந்த படியைச் செப்பனிடாமை போன்ற கவனக்குறைவு மெய்ப்பிக்கப்பட்டால், அச்செலவை உரிமையாளரிடம் கோரிப் பெறலாம். விழுந்தவரின் கவனக்குறைவும் கலந்திருந்தால் தொகை குறையக்கூடும்.

விழுந்த இடத்தின் நிழற்படம், கடை ரசீது, மருத்துவச் சீட்டுகள், கண்டவர்களின் பெயர்கள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துதல் நன்று. முதலில் உரிமையாளருக்குக் கடிதம் எழுதலாம். அவர் செவிசாய்க்காவிடில், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். பெற்ற பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் முறையீட்டுக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. வெளியூரில் விழுந்திருந்தாலும் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். கீழ்பென்னாத்தூர்வாசிக்குத் திருவண்ணாமலையே போதும்.

ஒருவர் கேட்டதனால் அந்தப் படி சீராகுமானால், அடுத்த பௌர்ணமியன்று அதில் கால் வைக்கும் இன்னொரு முதியவர் நலமாக வீடு திரும்புவார். அடியார்க்குச் செய்யும் தொண்டில் அதுவும் ஒன்று.