தப்பினவைக்கும் வெளிச்சம் வேணும்

காலையில் 10,000 லக்ஸ் ஒளிப்பெட்டிக்கு முன்னால் அரைமணி நேரம் இருக்கவேணும். குளிர்நாடுகளில் மாரிகால மனச்சோர்வுக்கு வந்த இந்தச் சிகிச்சையை, புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒப்பிட இன்னொரு குழுவுக்கு மங்கலான சிவப்பு ஒளி. வாசித்தபோது எங்களுக்கு அம்மாதான் ஞாபகம் வந்தா. கீமோ முடிஞ்சு, ஊரே "தப்பிட்டா" எண்டு சந்தோசப்பட்ட பிறகுதான் அவ யன்னலைச் சாத்திப்போட்டுப் படுக்கத் தொடங்கினவ. பகலில் நித்திரை, இரவில் முழிப்பு. காலை ஒளி கண்வழியே போய் மூளையின் கடிகாரத்தைத் திருத்துமாம். வீட்டு பல்ப் காணாது, அது சில நூறு லக்ஸ்தான். முற்றத்து நிழலிலேயே பல ஆயிரம் கிடக்கு. விடியத் தேத்தண்ணியை இப்ப அங்கதான் குடுக்கிறம். மருந்துக்குப் பதிலாக இல்லை, மருந்தோடதான். "சுகம் வந்திட்டுதே, இனியென்ன கவலை?" எண்டு கேக்கிறவையைத்தான் தாங்கேலாமல் இருக்கு. அடுத்த கிளினிக்குக்கு அம்மாவின் நித்திரைக் கணக்கையும் கொப்பியில் எழுதிக்கொண்டு போறம்.